எண்ணெய்க் கலனில் நீர்: நீக்குவதா, கரைப்பதா?

முன்னுரை

வேலைக்குச் செல்வதற்கும் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதற்கும் சொந்த வாகனத்தை நம்பியே நம்மில் பலர் வாழ்கின்றோம். தோட்டங்களை விட்டு வெளியேறிப் பத்து பெரண்டாம், செங், ஆயர் குரோ தொழிற்பேட்டைகளை நாடிய மலாக்காத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மேலும் பொருந்தும். அதிகாலை வேலைமுறைக்குப் புறப்படும் ஒருவரின் வண்டி வழியில் நின்றுவிட்டால், அன்றைய சம்பளமும் அதனோடு நின்றுவிடும்.

பெருமழைக்குப் பிறகு வண்டி இழுத்து இழுத்து ஓடினால், “டேங்கியில் தண்ணீர் இறங்கியிருக்கும். ஒரு புட்டி மருந்து வாங்கி ஊற்று, சரியாகிவிடும்” என்னும் அறிவுரை உடனே கிடைக்கும். உதிரிப்பாகக் கடைகளில் ‘நீர் நீக்கி’ என்ற பொருள்படும் பெயர்களோடு விற்கப்படும் அப்புட்டிகளுள் பலவற்றில் இருப்பது ஆல்கஹால் வகைத் திரவமே ஆகும். குறிப்பாக, ஐசோபுரோபைல் ஆல்கஹால் இதற்குப் பரவலாகப் பயன்படுகின்றது. இத்திரவம் கலனுக்குள் உண்மையில் என்ன செய்கின்றது, எப்பொழுது கைகொடுக்கும், எப்பொழுது கைவிடும் என்பனவற்றை எளிய கணக்குகளின் வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நீர் எங்கிருந்து வருகின்றது?

எண்ணெய்க் கலனுக்குள் நீர் புக நான்கு வழிகள் உண்டு. முதலாவது, வெள்ளம். 2006ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கி 2007 ஜனவரி வரை நீடித்த பெருவெள்ளம் ஜொகூரோடு மலாக்கா, நெகிரி செம்பிலான், பகாங் மாநிலங்களையும் தாக்கியது. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தீபகற்பத்தின் பல மாநிலங்கள் மீண்டும் வெள்ளத்தில் மிதந்தன. இத்தகைய வேளையில் மூழ்கிய வண்டிக்குள் எண்ணெய் ஊற்றும் வாய் வழியாகவும் கலனின் காற்றுக் குழாய் வழியாகவும் நீர் இறங்கக்கூடும்.

இரண்டாவது, தேய்ந்துபோன மூடி. மூடியின் உட்புறத்திலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் மழைநீரும், வண்டி கழுவும் நீரும் சிறுகச் சிறுக உள்ளே இறங்கும். வெளியில் நிறுத்தப்படும் பழைய மோட்டார் சைக்கிள்களில் இது மிகுதி.

மூன்றாவது, எண்ணெய் நிலையத்தின் நிலத்தடிக் கலன். அதனுள் நீர் கசிந்தால் அங்கு எண்ணெய் நிரப்பும் எல்லா வண்டிகளும் பாதிக்கப்படும். இதைக் கண்டறிய, நீர் பட்டால் நிறம் மாறும் ஒருவகைப் பசையை அளவுக்கோலின் நுனியில் பூசிக் கலனுக்குள் இறக்கிப் பார்க்கும் வழக்கம் எண்ணெய் வாணிபத்தில் உள்ளது.

நான்காவது, காற்றின் ஈரம். “பாதிக் கலனில் இரவெல்லாம் நீர் சுரக்கும்” என்று கூறுவோர் பலர். இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில், முழு ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 30 கிராம் நீராவி இருக்கும். 24 பாகைக்குக் குளிர்ந்தால் அதனால் தாங்க முடிவது ஏறக்குறைய 22 கிராம் மட்டுமே. எஞ்சிய 8 கிராம் நீராக மாறும். 40 லிட்டர் கலன் முற்றிலும் வெறுமையாக இருந்தாலும் அதிலுள்ள காற்று 0.04 கன மீட்டர்தான். ஆகவே, ஓரிரவில் படியும் நீர் ஏறக்குறைய 0.3 கிராம், அதாவது சில துளிகள். பல மாதங்கள் ஓட்டாமல் கிடக்கும் வண்டிக்கு இத்துளிகள் பொருட்படுத்தத் தக்கவை. நாள்தோறும் ஓடும் வண்டிக்கு அல்ல. நாள்தோறும் ஓடும் வண்டியில் கரண்டிக் கணக்கில் நீர் சேர்ந்திருந்தால் அதற்குக் காரணம் காற்றன்று. மூடியையோ, வெள்ளத்தையோ, எண்ணெய் வாங்கிய இடத்தையோதான் ஆராய வேண்டும்.

2. நீர் ஏன் தொல்லை தருகின்றது?

எண்ணெய் எரிவதாலேயே நீர் உண்டாகின்றது என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகின்றது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறுகின்றது. காலையில் வண்டியைக் கிளப்பும்போது புகைக்குழாயின் நுனியில் சொட்டும் நீர் இதுதான்.

எனவே, எஞ்சினுக்கு நீர் அறவே ஆகாது என்பதில்லை. எண்ணெய் வர வேண்டிய இடத்தில் நீர் திரளாக வருவதே தொல்லை. பெட்ரோலின் அடர்த்தி ஏறக்குறைய 0.74, நீரின் அடர்த்தி 1. ஆதலால், நீர் கலனின் அடியில் தங்குகின்றது. எண்ணெயை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் உள்ளது. நீர்த்திரள் உறிஞ்சப்பட்டால் அந்நொடியில் எரிவதற்கு எதுவும் இல்லை. வண்டி குலுங்குகின்றது, வேகம் எடுக்க மறுக்கின்றது, சில வேளைகளில் நின்றுவிடுகின்றது. நீண்ட நாள் தங்கும் நீர் இரும்புக் கலனைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. அத்துரு வடிகட்டியையும் எண்ணெய் தெளிப்பானையும் அடைக்கின்றது.

3. ஆல்கஹால் செய்யும் வேலை

பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னப்பறவையைப் பற்றி நாம் கதைகளில் கேட்டிருக்கின்றோம். புட்டியில் அடைத்து விற்கப்படும் திரவமும் அந்த அன்னத்தைப் போல நீரைத் தனியே பிரித்து அகற்றிவிடும் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், அது செய்யும் வேலை நேர்மாறானது. அது பிரிப்பதில்லை, கலக்கின்றது.

ஆல்கஹால் மூலக்கூற்றுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு முனை நீரோடு எளிதில் உறவாடும். கார்பன் சங்கிலியாகிய மறுமுனை பெட்ரோலோடு உறவாடும். ஒன்றோடொன்று சேராத இருவருக்கிடையே பேசிச் சேர்த்துவைக்கும் தரகரைப் போல, ஆல்கஹால் சிறிதளவு நீரைப் பெட்ரோலில் கரைந்திருக்கச் செய்கின்றது. திரளாகக் கிடந்த நீர் கலன் முழுவதும் பரவி, எண்ணெயோடு சேர்ந்து எஞ்சினுக்குச் சென்று ஆவியாக வெளியேறிவிடுகின்றது. 40 லிட்டரில் 10 மில்லிலிட்டர் நீர் பரவினால், அது நாலாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சின் அதை உணராது.

இந்தத் தரகருக்கும் ஒரு சார்பு உண்டு. மெத்தனால், எத்தனால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஆகிய மூன்றுமே நீரோடு எந்த அளவிலும் கலக்கக்கூடியவை. நீர் மிகுந்துவிட்டால் ஆல்கஹால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இதை அடுக்குப் பிரிதல் எனலாம்.

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இதைக் கண்ணாரக் காணலாம். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 100 மில்லிலிட்டரை அளவுகோடிட்ட குழாயில் ஊற்றி, அதனோடு 10 மில்லிலிட்டர் நீரைச் சேர்த்துக் குலுக்கி நிறுத்த வேண்டும். அடியில் தங்கும் அடுக்கு 10 மில்லிலிட்டராக இராது. கிட்டத்தட்ட 20 ஆகப் பெருகியிருக்கும். எத்தனால் முழுவதும் கீழே இறங்கி நீரோடு சேர்ந்துவிட்டதே இதற்குக் காரணம். ஆல்கஹால் கலக்காத பெட்ரோலாயின் அடியடுக்கு 10 மில்லிலிட்டராகவே இருக்கும். பெட்ரோலில் எத்தனால் உள்ளதா என்பதை அறியப் பல நாடுகளில் இச்சோதனையே பயன்படுகின்றது. இதைத் தீப்பொறி எழாத, காற்றோட்டமுள்ள ஆய்வுக்கூடத்தில், ஆசிரியர் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும்; வீட்டுச் சமையலறையில் செய்யலாகாது.

4. ஒரு புட்டி எவ்வளவு நீரைத் தாங்கும்?

15 பாகை செல்சியஸ் அளவில், ஆல்கஹால் கலக்காத ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 0.2 மில்லிலிட்டர் நீரை மட்டுமே கரைத்து வைத்திருக்கும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலோ ஏறக்குறைய 5 மில்லிலிட்டர் நீரைத் தாங்கும். நம் நாட்டு வெப்பத்தில் இவ்வளவுகள் சற்றுக் கூடலாம்.

இதை 40 லிட்டர் கலனுக்குப் பொருத்திப் பார்ப்போம். வெறும் பெட்ரோல் தாங்குவது 8 மில்லிலிட்டர். எத்தனால் கலந்த பெட்ரோல் தாங்குவது 200 மில்லிலிட்டர். ஆனால், அந்த 200 மில்லிலிட்டரைத் தாங்குவதற்குக் கலனில் 4 லிட்டர் எத்தனால் இருக்க வேண்டும். கடையில் விற்கும் புட்டியின் அளவு 350 மில்லிலிட்டர் என்று கொண்டாலும், அது கலனில் ஒரு விழுக்காட்டைக்கூட எட்டாது. நான்கு லிட்டர் செய்யும் வேலையை அது செய்யும் என எதிர்பார்க்க இயலாது. அதனால் கரைக்க முடிவது சில தேக்கரண்டி நீரை மட்டுமே.

ஒரு குவளை நீர் இறங்கிய கலனில் இப்புட்டியை ஊற்றினால் நிகழ்வது என்ன? ஆல்கஹாலில் பெரும்பகுதி கீழே சென்று நீரோடு சேரும். அடியடுக்கு வற்றுவதற்குப் பதிலாகப் பெருகும். உறிஞ்சு குழாய்க்கு எட்டாமல் ஒரு மூலையில் கிடந்த நீர்கூட இப்பொழுது எட்டும் உயரத்திற்கு வந்துவிடலாம். பணமும் போய், நோயும் முற்றிய கதை இதுதான்.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்தியாவின் மத்தியப் பிரதேச மாநிலத்தைச் சேர்ந்த ரத்லாமில் நடந்த நிகழ்ச்சியை இங்குக் குறிப்பிடலாம். அம்மாநில முதலமைச்சரின் பயணத்திற்காக அமர்த்தப்பட்டிருந்த 19 வாகனங்கள், டீசல் நிரப்பிய சிறிது நேரத்திலேயே அடுத்தடுத்து நின்றுபோயின. டீசலோடு பெருமளவு நீர் கலந்திருந்தது. கலன்களைத் திறந்து வடிப்பதைத் தவிர அங்கு வேறு வழி இருக்கவில்லை. லிட்டர் கணக்கில் நீர் இருக்கையில் எந்தப் புட்டியும் உதவாது.

5. குளிர்நாட்டில் பிறந்த பழக்கம்

அப்படியாயின், இப்புட்டிகள் எதற்காகத் தோன்றின? கனடா, வட அமெரிக்கா, வட ஐரோப்பா போன்ற உறைபனிப் பகுதிகளில் கலனின் அடியிலுள்ள சில துளி நீரும் பனிக்கட்டியாகி எண்ணெய்க் குழாயை அடைத்துவிடும். ஆல்கஹால் அந்நீரை உறையவிடாமல் தடுக்கின்றது. நீர் சில துளிகள். ஆபத்து மிகப் பெரிது. தீர்வு ஒரு புட்டி. அங்கு இது பொருத்தமான ஏற்பாடு.

பனிக்கட்டியின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. 2008ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் நாள் பெய்ஜிங்கிலிருந்து இலண்டன் சென்ற பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777 விமானம், ஹீத்ரோ ஓடுபாதையை எட்டும் முன்பே தரையில் இறங்கியது. எரிபொருளில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு நீர் பனிக்கட்டியாகி எண்ணெய் ஓட்டத்தைத் தடுத்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. விமானத்தில் இருந்த 152 பேரும் உயிர்தப்பினர்.

மலாக்காவில் நீர் உறைவதில்லை. ஆகவே, குளிர்நாட்டில் இப்புட்டி ஆற்றும் தலையாய பணிக்கு இங்கு இடமே இல்லை. சில துளி நீரைக் கரைக்கும் சிறுபணி மட்டுமே எஞ்சுகின்றது.

6. பத்து பெரண்டாம் விமானத் தளம் கற்பிக்கும் பாடம்

மலாய்மொழியில் ‘பத்து’ என்றால் கல். ‘பெரண்டாம்’ என்றால் நீரில் ஊறிக் கிடப்பது. நீரில் ஊறிய கல்லின் பெயரைத் தாங்கிய இவ்வூரில்தான் மலாக்கா விமான நிலையம் அமைந்துள்ளது. பல்லாண்டுகளாக இங்கு விமானமோட்டும் மாணவர்கள் சிறு விமானங்களில் பயிற்சி பெற்று வந்துள்ளனர்.

எண்ணெயில் நீர் இருந்தால் சாலையோரம் ஒதுங்கி நிற்கும் வாய்ப்பு விமானத்திற்கு இல்லை. எனவே, விமானமோட்டும் மாணவர் தொடக்கத்திலேயே கற்கும் பாடங்களுள் ஒன்று, பறப்பதற்கு முன் கலனின் மிகத் தாழ்ந்த பகுதியிலுள்ள வடிகுழாயைத் திறந்து, கண்ணாடி போன்ற குவளையில் சிறிது எண்ணெயைப் பிடித்துப் பார்ப்பதாகும். நீர் இருந்தால் குவளையின் அடியில் தனியே குமிழாக நிற்கும். தூய எண்ணெய் மட்டுமே வரும்வரை மீண்டும் மீண்டும் வடிப்பர். நீர் நிற்கவில்லையானால் அவ்விமானம் பறக்காது.

சில சிறு விமானங்களின் கையேடுகள், கடுங்குளிர் பகுதிகளில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலை ஒரு விழுக்காட்டுக்கு மிகாமல் சேர்க்க இசைவளிக்கின்றன. ஆயினும், வடித்துப் பார்க்கும் வழக்கத்திற்கு அது மாற்றாகாது. உயிரோடு தொடர்புடைய இடத்தில் முதலில் பார்க்கின்றனர், பிறகு வடிக்கின்றனர், ஆல்கஹால் துணைப்பொருளாக மட்டுமே வருகின்றது. நம் மகிழுந்துக்கும் இதே வரிசைமுறை பொருந்தும்.

7. எத்தனால் கலந்த பெட்ரோலும் டீசலும்

மலேசியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது கட்டாயமாக்கப்படவில்லை. இந்தியாவின் நிலை வேறு. அங்கு எத்தனால் கலப்பு 2022இல் 10 விழுக்காட்டையும் 2025இல் 20 விழுக்காட்டையும் எட்டியது. இதனால் தமிழகத்தில் ஓடும் வண்டிகளின் கலனில் ஆல்கஹால் ஏற்கெனவே ஏராளமாக உள்ளது. சிறிதளவு நீர் தானாகவே கரைந்துவிடும். அளவு கடந்தாலோ எத்தனால் முழுவதும் கீழிறங்கி, மேலே நிற்கும் பெட்ரோலின் தரமும் குறைந்துவிடும். அவ்வண்டியில் மேலும் ஒரு புட்டி ஆல்கஹால் ஊற்றுவதில் பொருளில்லை.

டீசல் வண்டிகளைப் பற்றித் தனியே கூற வேண்டியுள்ளது. பெட்ரோலுக்கென விற்கப்படும் ஆல்கஹால் புட்டியை டீசல் கலனில் ஊற்றலாகாது. அது டீசலை எளிதில் தீப்பற்றச் செய்வதோடு, எண்ணெய்ப் பம்புக்குத் தேவையான வழவழப்பையும் குறைக்கின்றது. 2019ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் போக்குவரத்துக்கான டீசலில் 10 விழுக்காடு செம்பனை உயிரி டீசல் கலக்கப்பட்டு வருகின்றது. இது வெறும் டீசலைவிட அதிக ஈரத்தை ஏற்கும். நீர் தேங்கினால், நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பெருகி வழவழப்பான கசடு உண்டாகும். செம்பனைத் தோட்டங்களில் ஓடும் டிராக்டர், லாரி ஆகியவற்றின் வடிகட்டியின் அடியில் நீரைத் திறந்துவிடும் திருகு பெரும்பாலும் அமைக்கப்பட்டிருக்கும். அதைக் காலந்தவறாமல் திறந்து வடிப்பதே சிறந்த மருந்து.

8. செய்ய வேண்டியவை

நீரின் அளவே முடிவு செய்கின்றது என்பதை இதுவரை கண்டோம். அதற்கேற்பச் செயற்படுவதே அறிவுடைமை.

அ. நெடுநாள் நிறுத்தப்பட்ட பெட்ரோல் வண்டி லேசாகத் திணறினால், நீர் சில துளிகளே எனக் கொள்ளலாம். வண்டியின் கையேடு தடுக்கவில்லையெனில், கலனை எண்ணெயால் நிரப்பி, புட்டியில் குறிப்பிட்ட அளவு மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் சேர்க்கலாம். எண்ணெய் நிறைந்திருந்தால்தான் நீர் நன்கு பரவிக் கரையும்.

ஆ. கார்புரேட்டர் உள்ள பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளாயின், கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி நீரை வடிக்கலாம். எஞ்சின் ஆறிய பிறகே இதைச் செய்ய வேண்டும். அருகில் நெருப்போ புகையும் சிகரெட்டோ இருத்தல் கூடாது.

இ. மழைக்குப் பிறகு வண்டி அடிக்கடி நின்றால், பட்டறையில் கலனின் அடியிலிருந்து சிறிது எண்ணெயைக் கண்ணாடிச் சாடியில் எடுத்துக் காட்டும்படி கேட்க வேண்டும். நீர் அடுக்காக நின்றால் கலனை வடித்து, வடிகட்டியை மாற்றுவதே முறை. எண்ணெயை வாயால் உறிஞ்சி எடுப்பதும், வடித்ததைச் சாக்கடையில் ஊற்றுவதும் ஆபத்தானவை.

ஈ. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கிளப்பிப் பார்க்கவே கூடாது. எஞ்சினுக்குள்ளும் நீர் இருக்கலாம். வழக்கமான முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஏற்பதில்லை; சிறப்புப் பேரிடர் பாதுகாப்பைத் தனியே சேர்த்திருக்க வேண்டும். காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதே இதைக் கேட்டறிவது நலம்.

உ. எண்ணெய் நிரப்பிய உடனே வண்டி நின்றால், பற்றுச்சீட்டையும் எண்ணெய் மாதிரியையும் பட்டறையின் எழுத்துமூல அறிக்கையையும் பத்திரப்படுத்த வேண்டும். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்கறிஞர் இன்றியே இழப்பீடு கோரலாம். புட்டியை ஊற்றிவிட்டால் சான்றும் கலங்கிவிடும் என்பதை நினைவிற் கொள்க.

9. ஓர் எச்சரிக்கை

ஆல்கஹால் என்றவுடன் எல்லாம் ஒன்றே எனக் கருதிவிடலாகாது. மலிவாகக் கிடைக்கும் மெத்தனால் சில உலோகங்களை அரிக்கக்கூடியது. அதைவிடக் கொடியது, அது மனிதனுக்கு நஞ்சு என்பதாகும். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பகுதிகளில் மெத்தனால் கலந்த மதுவை அருந்தி 30க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலர் பார்வை பாதிக்கப்பட்டனர். மலிவுச் சாராயத்தால் சீரழிந்த குடும்பங்களைத் தோட்டப்புறம் நன்கு அறியும். பட்டறையிலோ வீட்டிலோ மீதமிருக்கும் ஆல்கஹாலைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி வைப்பது உயிரோடு விளையாடுவதாகும். அதன் மூலப்புட்டியிலேயே, பெயர்த்தாள் கிழியாமல், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

முடிவுரை

ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர், அப்பொருளைப் பற்றிய நம் எதிர்பார்ப்பையும் வகுத்துவிடுகின்றது. ‘நீர் நீக்கி’ என்ற பெயரைக் கேட்பவர், எவ்வளவு நீர் இருந்தாலும் அது நீங்கிவிடும் என்றே நம்புவார். ‘நீர்க்கரைப்பி’ என்று அதைப் பெயர்த்திருந்தால், “எவ்வளவு நீரைக் கரைக்கும்?” என்ற கேள்வி அடுத்த நொடியே எழுந்திருக்கும். குடிக்கும் தேநீரில் எவ்வளவு சர்க்கரை கரையும் என்பதை அறிந்த எவருக்கும் கரைதலுக்கு எல்லை உண்டு என்பது தெரியும். நீக்குதலுக்கு அவ்வெல்லை தோன்றுவதில்லை.

அறிவியலைத் தமிழில் எழுத முனையும் மாணவர்களாகிய நாம் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். விளம்பரச் சொல்லை அப்படியே மொழிபெயர்ப்பது எளிது. பொருள் செய்யும் வேலையை அறிந்து பெயரிடுவது சற்றுக் கடினம். ஆனால், சம்பள நாளுக்கு இரு நாள் முன்பு, கையிலிருக்கும் கடைசி ரிங்கிட்டைப் புட்டிக்குக் கொடுப்பதா, பட்டறைக்குக் கொடுப்பதா என்று தயங்கி நிற்கும் ஒருவருக்கு அந்த ஒரு சொல் வழிகாட்டக்கூடும். சில துளிகளாயின் கரைக்கலாம். அதற்கு மேற்பட்டால் வடித்தே ஆக வேண்டும்.